மலையில் மாட்டியவர்களை மீட்கும் டிவி படம்: ஹெலிகாப்டர் ஏன் நேராகப் போய்த் தூக்கவில்லை?

தேன்மொழி எழுதியது:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு பழைய படம் பார்த்தேன். தியேட்டருக்கு எடுத்ததில்லை, தொலைக்காட்சிக்கென்றே எடுத்தது. பெயரைச் சொன்னால் இன்னும் பார்க்காதவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும் என்பதால் கதையை மட்டும் சொல்கிறேன். செங்குத்துப் பாறையில் மூன்று பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் திட்டு ஒரு பெஞ்ச் அகலம்கூட இருக்காது. கயிறு கைவிட்டுப் போய்விட்டது, மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. அடிவாரத்தில் அந்த மலையை உள்ளங்கைபோல் அறிந்த வழிகாட்டி ஒருவரும், மீட்புப் பணிக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவரும். வழிகாட்டி "நான் ஏறுகிறேன்" என்கிறார், அதிகாரி "இப்போது யாரும் போகக் கூடாது" என்கிறார். படத்தில் பாதி இந்தச் சண்டைதான். இதற்கிடையில் ஹெலிகாப்டர் ஒன்று வந்து, அந்த மூன்று பேரும் கையாட்டுகிற தூரம் வரை நெருங்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எனக்கு மூன்று சந்தேகம். அவ்வளவு பக்கத்தில் வந்த ஹெலிகாப்டர் ஒரு கயிற்றை இறக்கித் தூக்கியிருக்கக் கூடாதா? மேலே உயிர் ஊசலாடும்போது கீழே மணிக்கணக்காக வாக்குவாதம் செய்வது நிஜத்தில் நடக்குமா, இல்லை நேரத்தை நிரப்பச் செய்ததா? மூன்றாவதுதான் என்னைத் தூங்க விடாதது. மேலே பேசிக்கொண்டிருந்த ஒருவர், பத்திரமாகக் கீழே கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரில் உட்காரவைத்த கொஞ்ச நேரத்தில் இறந்துபோகிறார். அடிபடவில்லை, ரத்தம் இல்லை. கதைக்காக வலிந்து செய்ததுபோல இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்கயிறு எழுதியது:

ஹெலிகாப்டர் விஷயத்தை நான் சொல்கிறேன், மலையேற்றத்தில் பல வருட ஆர்வம்.

படத்தில் காட்டியது சரிதான். ஹெலிகாப்டர் முன்னோக்கிப் பறப்பதைவிட அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பதற்குத்தான் அதிக சக்தி வேண்டும். அதுவும் தரைக்கு மிக அருகில் நிற்கும்போது கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு ஓரளவு தாங்கிக்கொடுக்கும். செங்குத்துச் சுவருக்குப் பக்கத்தில் கீழே தரையே இல்லையே, எஞ்சினின் முழு பலத்தையும் போட்டாக வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று வேறு மெலிந்துவிடும். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான், தலைக்கு மேலே சுழலும் இறக்கை, அதாவது ரோட்டர், பிடித்துத் தள்ளக் காற்று போதாது, எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். அப்புறம் சுவர். ரோட்டரின் நுனி பாறையில் லேசாக உரசினாலே எல்லாம் முடிந்தது. ரோட்டர் கீழே தள்ளும் காற்று மேலே தொற்றிக்கொண்டிருக்கும் பனியையும் கற்களையும் உதிர்த்து மாட்டியவர்கள் தலையிலேயே போடலாம். சுவரை ஒட்டிக் காற்று எப்போது மேலே தூக்கும், எப்போது கீழே அமுக்கும் என்று விமானிக்கே கடைசி நொடியில்தான் தெரியும். திரும்பிப் போன அந்த விமானி கோழை இல்லை. இன்னும் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் மேலே மூன்று பேரோடு சேர்த்து அவர்களையும் தேட வேண்டியிருக்கும்.

"ஹெலிகாப்டர் எவரெஸ்ட் உச்சியையே தொட்டிருக்கிறதே" என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். உண்மைதான். 2005 மே 14-ம் தேதி திதியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி உச்சியில் இறக்கி 3 நிமிடம் 50 நொடி வைத்திருந்தார். ஆனால் எடையைக் குறைத்த ஹெலிகாப்டர், தனி ஆள், பார்த்துத் தேர்ந்தெடுத்த வானிலை. ஆட்களை ஏற்றிவருவது வேறு கதை. 1996 மே மாத எவரெஸ்ட் விபத்தில் நேபாள ராணுவ விமானி மதன் கத்ரி சேத்ரி சுமார் 6,000 மீட்டரில் போய் இறங்கினார். மேலே இருந்தவர்கள் சிவப்பு நிறப் பானத்தைப் பனியில் ஊற்றி அவருக்கு அடையாளம் போட்டுக்கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆளைத்தான் ஏற்ற முடியும். பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், கைகள் உறைந்து கட்டைபோல் இருந்த நிலையில், நடக்கவே முடியாமல் கிடந்த தைவான்காரர் மகாலு காவை முதலில் அனுப்பச் சம்மதித்தார். ஹெலிகாப்டர் போனது. அது திரும்பி வரும் என்று யாரும் அவருக்கு உத்தரவாதம் கொடுக்கவில்லை. வந்தது, அவரும் பிழைத்தார்.

அதே 2005-ல் ஆகஸ்ட் மாதம், பாகிஸ்தானில் உள்ள நங்க பர்பத் மலையின் ரூபல் சுவரில் தோமாஷ் ஹுமார் என்ற ஸ்லோவேனியர் சுமார் 6,000 மீட்டர் உயரத்தில் ஆறு நாள் ஒரு பொந்தில் கிடந்தார். நீங்கள் கேட்ட மாதிரியே பாகிஸ்தான் ராணுவ ஹெலிகாப்டர் கயிறு தொங்கவிட்டு அவரைத் தூக்கியது. ஆனால் என்ன நடந்தது தெரியுமா? கயிற்றைப் பிடித்து மாட்டிய அவர், தன்னைப் பனியோடு கட்டியிருந்த வாரை அவிழ்க்கவில்லை. ஹெலிகாப்டர் மேலே இழுக்கிறது, மலை கீழே இழுக்கிறது. ஹெலிகாப்டரே விழுந்திருக்கும். நல்லவேளையாக வார் அறுந்து அவர் அந்தரத்தில் எகிறினார். ஆறு நாள் குளிரில் கிடந்தவரின் விரல்களும் மூளையும் அப்படித்தான் வேலை செய்யும். அதனால்தான் இப்போதெல்லாம் முடிந்தவரை பயிற்சி பெற்ற மீட்பாளர் ஒருவரையே நீளக் கயிற்றின் முனையில் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள். மாட்டிக்கொண்டவர் எதையும் சரியாகச் செய்வார் என்று நம்பக் கூடாது.

கார்குழலி எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தேன்மொழி, அந்தக் காட்சி வலிந்து செய்தது இல்லை. யாரோ சரியான ஆளைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

உடல் ரொம்பக் குளிர்ந்துவிட்டால் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, இருக்கிற சூட்டை நெஞ்சுக்கும் மூளைக்கும் வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் இதயம் சின்ன அதிர்வுக்கே தாளம் தப்பிவிடும். உடலின் உள்வெப்பம் 28 டிகிரிக்குக் கீழே போனால் இந்த ஆபத்து மிக அதிகம். ஆளைத் திடீரென்று நிமிர்த்தி உட்காரவைத்தால், நடக்கவிட்டால், குலுக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கைகால்களில் தேங்கிய குளிர்ந்த ரத்தமும் உள்ளே திரும்பும், இதயம் நின்றுபோகலாம். காப்பாற்றும் நேரத்திலேயே சாவது என்பது மீட்புக்குழுக்களுக்குப் பழக்கமான பயம். "உட்காரவைத்த கொஞ்ச நேரத்தில்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. படுத்த வாக்கிலேயே வைத்திருக்க வேண்டும், முட்டைகளைத் தூக்குகிற மாதிரி மெதுவாக. ஈரத் துணியை உருவக் கூடாது, கத்தரித்து எடுக்க வேண்டும். உறைந்த விரலைத் தேய்க்கவே கூடாது, படங்களில் பனியை வைத்துத் தேய்ப்பார்கள், அது விரலை இன்னும் கெடுக்கும். பிராந்தி கொடுப்பதும் அப்படித்தான், சூடு ஏறுகிற மாதிரித் தோன்றும், உண்மையில் தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடு வெளியேறும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிரில் உறைந்தவருக்கு நாடி கிடைக்கவில்லை என்று உடனே கைவிட மாட்டார்கள், சூடேற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். 1999-ல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் ஓடைத் தண்ணீரில் சிக்கிய ஒரு ஸ்வீடன் மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கியிருந்தது. அவர் பிழைத்து, பிறகு வேலைக்கும் திரும்பினார். உங்கள் படத்தில் அந்த மனிதருக்கு முதலுதவி செய்தார்களா, இல்லை தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்களா?

தேன்மொழி எழுதியது:

தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள் அக்கா. இப்போது நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இருவருக்கும் நன்றி. ஆனால் அந்த அதிகாரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. வழிகாட்டி போகத் தயாராக நிற்கிறார், இவர் வானிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "கூடாது" என்கிறார். இது வில்லத்தனம் இல்லையா? படமும் அப்படித்தான் காட்டுகிறது.

பழைய ரேடியோ எழுதியது:

தேன்மொழி, இந்த ஒரு விஷயத்தில்தான் டிவி படங்கள் மேல் எனக்கு உண்மையான கோபம். "போகாதே" என்று சொல்கிறவரை எப்போதும் கல்நெஞ்சக்காரராகக் காட்டுவார்கள். நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956 டிசம்பர். ழான் வென்சென்டோன், பிரான்சுவா ஆன்றி என்று இரண்டு இளைஞர்கள், ஒருவர் பிரான்ஸ், மற்றவர் பெல்ஜியம், குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரம் ஏறப் போனார்கள். கிறிஸ்துமஸ் சமயம் புயலில் மாட்டிக்கொண்டார்கள். கீழே ஷாமோனி நகரத்திலிருந்து தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் அவர்கள் தெரிந்தார்கள். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஊரில் நின்றபடி பார்த்தால் மேலே இரண்டு பேர் உயிரோடு இருப்பது தெரிகிறது. பத்திரிகைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். அப்போது அங்கே பொறுப்பெடுத்து முடிவு சொல்ல ஒழுங்கான மீட்பு அமைப்பு இல்லை. குளிர்கால மலையில் புதுப்பனி, எந்த நேரமும் பனிச்சரிவு வரலாம், இதில் வழிகாட்டிகளை அனுப்பினால் அவர்களும் சாவார்கள் என்று ஊர் வழிகாட்டிகள் தரப்பில் தயங்கினார்கள். இமயமலையில் அன்னபூர்ணா ஏறிய குழுவில் இருந்த லியோனெல் தெரே என்ற வழிகாட்டி, தானே சிலரைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். அவராலும் போய்ச் சேர முடியவில்லை. இந்தத் தகராறில் அவருக்கும் ஷாமோனி வழிகாட்டிகள் சங்கத்துக்கும் உறவே முறிந்தது.

பிறகு ராணுவம் ஹெலிகாப்டர் அனுப்பியது, டிசம்பர் 31. சிகோர்ஸ்கி எஸ்-58, பெரிய வண்டி. அவர்கள் பக்கத்தில் இறங்கப் போகும்போது ரோட்டர் கிளப்பிய பனித்தூளில் விமானிகளுக்குக் கண்ணே தெரியவில்லை, ஹெலிகாப்டர் பனியில் கவிழ்ந்துவிட்டது. வடக்கயிறு சொன்னது அப்படியே நடந்தது. இப்போது மேலே இரண்டு பேருக்குப் பதில் ஆறு பேர். விமானிகளிடம் அந்தக் குளிருக்கான உடை இல்லை. கூடப் போன வழிகாட்டிகளால் எல்லோரையும் சுமக்க முடியாது. அதனால் விமானிகளை மலைமேல் மலையேறிகள் தங்குகிற வல்லோ குடிசைக்குக் கொண்டுபோக முடிவெடுத்து, நகர முடியாத அந்த இரண்டு இளைஞர்களையும் உடைந்த ஹெலிகாப்டருக்குள்ளேயே படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வருவோம் என்ற எண்ணத்தில்தான். 1957 ஜனவரி 3-ம் தேதி சின்ன அலுவெட் ஹெலிகாப்டர்கள் குடிசையில் இருந்தவர்களை மீட்டன. இளைஞர்களுக்காக யாரும் போகவில்லை. உடல்களை மார்ச்சில்தான் கீழே கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான், 1958-ல், மலைமீட்பு பிரான்சில் அரசின் வேலையாக ஒழுங்குபடுத்தப்பட்டது. இன்று ஷாமோனியில் மலையில் ஒருவர் மாட்டினால் ஹெலிகாப்டரில் போகிற மீட்பு ஜென்டார்ம் (ராணுவக் காவல்துறை) பிரிவு அந்த வருடம் முளைத்ததுதான்.

இதில் வில்லன் யார் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். போகத் தயங்கியவர்களை ஊரே திட்டியது. ஆனால் போனவர்களால் ஆபத்தில் மாட்டிய உயிர் மூன்று மடங்கானதும் உண்மை. தெரே சொன்ன மாதிரி முதல் நாளே கால்நடையாகக் கிளம்பியிருந்தால் பிழைத்திருப்பார்களோ என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. உங்கள் படத்து அதிகாரி கையில் வைத்திருந்த காகிதத்தில் இருந்தது வானிலை மட்டும் இல்லை, அந்த வழிகாட்டியின் உயிரும் இருந்தது. அந்த மனிதர் ஒரு காட்சியில் தனியாக உட்கார்ந்திருப்பதை இரண்டு நிமிடம் காட்டியிருந்தால்கூட படம் எங்கேயோ போயிருக்கும்.

மூன்றாம் வரிசை எழுதியது:

படமெடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. தொலைக்காட்சிப் படம் சில வாரங்களில் எடுத்து முடிக்க வேண்டியது. விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் யாராவது வழுக்கியாக வேண்டும், இல்லை கயிறு அறுந்தாக வேண்டும், பார்க்கிறவர் வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது. அதனால்தான் காத்திருப்பது என்பதையே காட்ட மாட்டார்கள், அதற்குப் பதில் சண்டை வைப்பார்கள். பாத்திரங்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுவதும் நடிகர் முகம் தெரியத்தான், அந்த வெளிச்சத்தில் நிஜமாகக் கழற்றினால் சில மணி நேரத்தில் கண் எரிந்து பார்வை மங்கும். பேசும்போது வாயிலிருந்து புகை வருகிறதா என்று பாருங்கள், வரவில்லை என்றால் அது ஸ்டுடியோ பனி.

ஆனால் சின்னத் திரைக்கு ஒரு பலம் உண்டு. அதில் மலையை எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் பெரிதாகத் தெரியாது. அதனால் கேமரா முகத்துக்கும் கைக்கும் பக்கத்தில் போயே ஆக வேண்டும். மாட்டிக்கொண்டவர்கள் கதைக்கு அதுதான் சரியான தூரம். 1996 எவரெஸ்ட் விபத்தையே அடுத்த வருடம் நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஏபிசி படமாக ஒளிபரப்பிவிட்டது, இறந்தவர்களின் குடும்பம் துக்கத்திலிருந்து எழுவதற்குள். அவ்வளவு அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்து முதன்முதலாக மலைமீட்பு என்று ஒன்று இருப்பதையே தெரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

தேன்மொழி எழுதியது:

பழைய ரேடியோ ஐயா, உடைந்த ஹெலிகாப்டருக்குள் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள் என்ற இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதிகாரி பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். மறுபடி போட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு இடத்தில் அவர் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறார். முதல் தடவை அதைக் கவனிக்கவே இல்லை.

மறுபடி பார்த்ததில் இன்னொரு கேள்வி வந்துவிட்டது. கடைசியில் மேலே இருப்பவர் கயிற்றில் இறங்கி வரும்போது முடிச்சு ஒன்று வளையத்தில் சிக்கிக்கொள்கிறது. அரை நிமிடம் போராடி இழுத்துவிடுகிறார். ஒரு முடிச்சுக்கு இவ்வளவு பாடா?

வடக்கயிறு எழுதியது:

அந்தக் காட்சி எங்கிருந்து வந்திருக்கும் என்று மலையேறுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1936 ஜூலை, ஸ்விட்சர்லாந்தின் ஐகர் மலை வடக்குச் சுவர். ஹின்டர்ஸ்டாய்சர், டோனி கூர்ட்ஸ் இரண்டு ஜெர்மானியர், ஆங்கரர், ரைனர் இரண்டு ஆஸ்திரியர். வழுக்குப் பாறை ஒன்றைக் குறுக்கே கயிறு போட்டுக் கடந்தார்கள், கடந்ததும் கயிற்றை உருவி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆங்கரர் அடிபட்டுத் திரும்ப வேண்டிவந்தபோது அந்தப் பாறை பனி பூசிக் கண்ணாடியாகக் கிடந்தது, கயிறு இல்லாமல் தாண்ட முடியவில்லை. நேராகக் கீழே இறங்கப் பார்த்தார்கள்.

அந்த மலைக்குள்ளே ரயில் சுரங்கம் போகிறது, சுவரில் அதற்கு ஒரு வாசல் உண்டு. சுரங்கக் காவலர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார், மேலேயிருந்து எல்லோரும் நலம் என்று குரல் வந்தது. வந்துவிடுவார்கள் என்று உள்ளே போய் டீ போட்டு வைத்தார். வரவில்லை. மறுபடி எட்டிப் பார்த்தபோது ஒரே ஒரு குரல்தான் கேட்டது, உதவி கேட்டு. மற்ற மூவரும் இறந்துவிட்டிருந்தார்கள், கூர்ட்ஸ் மட்டும் கயிற்றில் தொங்கினார்.

வடக்குச் சுவரில் மீட்புக்குப் போக வழிகாட்டிகளுக்குக் கட்டாயம் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் மூன்று ஸ்விஸ் வழிகாட்டிகள் தாமாகவே ரயிலேறி வந்து அந்த வாசல் வழியே சுவரில் இறங்கினார்கள். இருட்டிவிட்டது, அன்று எட்ட முடியவில்லை. கூர்ட்ஸ் அந்த ராத்திரி முழுக்கக் கயிற்றில் தொங்கினார். காலையில் அவர் காலில் கட்டியிருந்த இரும்பு முட்களிலிருந்து பனிக்குச்சி தொங்கியது. இடது கை உறைந்துபோயிருந்தது. மேலே கயிறு கொடுக்க வழியில்லாததால் தன்னிடமிருந்த கயிற்றை அறுத்து, அதன் இழைகளை ஒரு கையாலும் பல்லாலும் பிரித்துப் பிரித்து முடிந்து நீளமாக்கிக் கீழே விட்டார். மணிக்கணக்கான வேலை. அந்த இழையில்தான் வழிகாட்டிகள் கயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். நீளம் போதவில்லை என்று இரண்டு கயிற்றை முடிந்தார்கள். அந்த முடிச்சுதான் நீங்கள் கேட்டது. இறங்கி வந்தவரின் இடுப்பு வளையத்தில் அது வந்து முட்டியது, உள்ளே நுழையவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று பனிக்கோடாரியை நீட்டினால் அவர் காலைத் தொடலாம், அவ்வளவு பக்கம். உறைந்த கையோடு குனிந்து பல்லால் அந்த முடிச்சைத் தள்ளிப் பார்த்தார். "இனி என்னால் முடியாது" என்று தெளிவாகச் சொன்னார், தலை சாய்ந்துவிட்டது.

21 வருடம் கழித்து, 1957 ஆகஸ்டில் அதே சுவரில் இத்தாலியர் கிளாடியோ கோர்த்தி மாட்டியபோது கீழிருந்து போகவில்லை. பல நாட்டு மலையேறிகள் உச்சிக்குப் போய் எஃகு வடத்தைக் கொக்கி போட்டு நிறுத்தினார்கள், அல்ஃபிரெட் ஹெல்லபார்ட் என்பவர் அதில் தொங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே இறங்கிக் கோர்த்தியை முதுகில் கட்டி மேலே கொண்டுவந்தார். வடத்தில் முடிச்சு கிடையாது.